குகைக்கு அந்தப் பக்கம்

பகவதிபுரத்தில் காலை ஆறு மணிக்கு
சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டியோடு கிளம்பினேன்.
உள்ளே குச்சி இல்லை.
காய்ந்த கதிரை உள்ளங்கையில் தேய்த்து
உமியை ஊதித் தள்ளியபின் மிஞ்சிய விதைகள்.
கடுகில் கால்வாசி.
தும்மினால் போய்விடும் வம்சம்.

லீலாம்பிகா கேட்டிருந்தாள்,
ஆரியங்காவில் கேட் காக்கிறவள்.
கணவனை எரித்த இடத்தில் துளசி நிற்கவேண்டுமாம்.
நான்கு முறை விதைத்தாயிற்று,
"பிடிக்குன்னில்லா."
எனக்கும் அந்தச் செடிக்கும் கும்பிடு போடும் உறவு இல்லை,
ஞாயிறானால் கோயில் மணிக்கு ஜெபப்புத்தகம் எடுக்கிறவன்.
டீசல் புகை நெஞ்சில் அடைத்தால்
நாலு இலை மெல்லுவேன். அவ்வளவுதான்.

குகையைக் கடக்க என் கால்களுக்குப் பதினெட்டு நிமிடம்.
கிளிப்புகளைத் தட்டிக்கொண்டே போகவேண்டும்:
இறுகியது கணீரென்னும்,
தளர்ந்தது இருமும்.
இந்த வாயில் செம்மண், காற்று.
அந்த வாயில் பாசி, அட்டை.
நடுவில் இருட்டு,
அது இரண்டு மொழியிலும் சொட்டுகிறது.

என் பக்கத்தில் எதிரி எறும்பு.
கிரீஸ் டப்பாவில் தூவி, மேலே மண் போடாமல் விட்டேன்,
வெளிச்சம் படாவிட்டால் கண் திறக்காத விதை அது.
கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டினேன்.
ஆனிக் காற்று அதைப் பண்பொழிப் பக்கம் கொண்டுபோனது.
இன்னொன்று கட்டினேன்.
ஒன்பதாம் நாள்
டப்பா முழுக்க பச்சையாய் ஊசிக்குத்து.

அவள் பக்கத்தில் எதிரி தண்ணீர்.
முளைப்பதில் குறையே இல்லை.
இடவப்பாதி மழையில் இரண்டாம் நாளே
தண்டு கறுத்து, நூலறுந்ததுபோல் சாயும்.
"மழையை நிறுத்தச் சொல்லவா?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மணல் கலக்கச் சொன்னேன்,
அடியில் ஓட்டுச்சில் போடச் சொன்னேன்,
துலாமழை ஓயட்டும், பொறு என்றேன்.
"ஆள் போயிட்டு ஆண்டு திரும்பப் போகுது.
மழை எப்பவும் ஓயும்னு சொல்லுற.
நீ இங்க ராத்தங்கினது உண்டா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சிவப்புக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒன்று பிடித்தது.
வந்து பார் என்றாள்.
என் டப்பாவில் வெயில் குடித்து
காம்பெல்லாம் ஊதா ஓடி நிற்பதன் உடன்பிறப்பு,
இங்கே ரப்பர் மர நிழலில்
இலை அகன்று, வெளுத்த பச்சையாய்.
கசக்கி மோந்தால் மணம் தாமதமாக வருகிறது.
"இது வேற ஜாதி. ஏமாத்திட்டே."
ஒரே கதிர் என்று ஆணையிட்டேன்.
யார்மேல் ஆணை என்று கேட்டாள்.
தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
அதன் மூலையில் ஒரு பொத்தல்.

தை பிறந்ததும், டிராலியில் ஆய்வு வருகிறதென்று
ஜல்லியில் முளைத்த அத்தனையும் பிடுங்கச் சொன்னார்கள்.
குனிந்த முதுகு நிமிராமல் போனோம்:
கோரை, நாயுருவி, பார்த்தீனியம்.
குகையின் அந்த வாயில் கைக்கு வேறொரு வாசனை.
வலை கட்டாமல், சில் போடாமல்,
சுவர் கசிந்ததைக் குடித்து
முழங்கால் உயரத்தில் ஒன்று.
வெயில் விழும் பக்கத்து இலைகள் கறுப்பு.
இருட்டைப் பார்த்த இலைகள் பச்சை.

கேங்மேட் சேவியர்கண்ணு
என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
சட்டத்தில் இடமில்லை.
கதிர்களை உருவிக்கொண்டு பிடுங்கினேன்,
வேர் விடாமல் பிடித்திருந்த கல்லோடு
கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

லீலாம்பிகா ஓர் இலையைக் கிள்ளி மென்றாள்.
"எந்தப் பக்கத்தில முளைச்சுது?"
"நடந்த வழியில."
இன்னொரு இலை கிள்ளினாள்.

திரும்பும்போது தீப்பெட்டி நிறைந்திருந்தது.
பொத்தலை அடைக்கவில்லை.